கரையேறும் வெள்ளணுக்கள்

ஹவுராவில் வசித்துக் கொல்கத்தாவில் அலுவல் பார்க்கும் நாம், ஹூக்ளி நதியைப் படகில் கடப்பது வழக்கம். நீரோட்டம் மிகுந்த வேளையில் படகு துறையில் சட்டென நின்றுவிடுவதில்லை. முதலில் வேகத்தைத் தணித்துக்கொண்டு துறையை உரசியபடி மெல்ல நகர்கிறது. பின்பு வடத்தை வீசி இறுகக் கட்டுகிறார்கள். அதன் பிறகே பயணிகள் கரையேறுகிறார்கள். நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களும் ஏறக்குறைய இம்முறையிலேயே கரையேறுகின்றன.

காலில் முள் தைத்த இடம் சிவந்து, வீங்கி, சுட்டு, வலிக்கிறது. இதனையே அழற்சி என்கிறோம். அவ்விடத்து இரத்தக் குழாயின் உட்சுவரில் செலக்டின் என்னும் பொருள்கள் தோன்றி, ஓடிவரும் வெள்ளணுக்களைத் தளர்வாகப் பற்றுகின்றன. அணுக்கள் உருண்டு உருண்டு வேகம் குறைகின்றன. பின்னர் அவற்றின் மேலுள்ள இன்டெக்ரின்கள் வடம்போல் சுவரை இறுகப் பிடிக்கின்றன. முடிவில் அணுக்கள் சுவரின் இடுக்கு வழியே நுழைந்து திசுவை அடைகின்றன. ஜெர்மானிய அறிஞர் கோன்ஹைம், தவளையின் இரத்தக் குழாய்களில் இக்காட்சியை நுணுக்குக்கண்ணாடி வழியே கண்டு 1867-இல் விவரித்தார்.

கரையேறிய வெள்ளணுக்கள் கிருமிகளை அழிக்கின்றன. ஆயினும் கிருமியைக் கொல்லும் அதே பொருள்கள் நம் திசுக்களையும் அரிக்க வல்லவை. சில நோய்களில், காரணம் ஏதுமின்றியே அவை குடலையோ மூளையையோ தாக்கி நலிவிக்கின்றன. அப்படியானால் வடத்தை அறுத்துவிட்டால் என்ன என்று விஞ்ஞானிகள் எண்ணியதில் வியப்பில்லை.

வடம் இல்லாவிடில் நேர்வது என்ன? 1952-இல் பம்பாயில் அரியதோர் இரத்தப் பிரிவு கண்டறியப்பட்டது. 1992-இல் இஸ்ரேலிய மருத்துவர்கள் விவரித்த இரு குழந்தைகளின் இரத்தமும் அப்பிரிவினதே. ஆனால் அக்குழந்தைகளுக்கு வேறொரு குறையும் இருந்தது: வெள்ளணுக்களைச் செலக்டின் பற்றுதற்கு வேண்டிய சர்க்கரை அவர்கள் உடலில் உண்டாகவில்லை. இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தும் அவை கரையேற இயலாமையால், தொற்று நோய்கள் அவர்களை மீண்டும் மீண்டும் வருத்தின. பம்பாய்ப் பிரிவினர் பிறருக்கு இக்குறை இல்லை என்பதையும் நேயர்கள் கருத்தில் கொள்ளவேண்டும்.

மருந்துகளின் வரலாறும் இதே பாடத்தைப் புகட்டுகிறது. பக்கவாத நோயாளிகளுக்கு எனலிமோமாப் என்ற மருந்தை அளித்துப் பார்த்தபோது, அவர்கள் நிலை தேறுவதற்கு மாறாக மோசமாயிற்று. மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் ஒரு நோய்க்கு 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நாடலிசுமாப் நல்ல பயன் தந்தது. எனினும் சிலருக்கு மூளையில் அரிய வைரஸ் நோய் கண்டதால், 2005-இல் நிறுத்தப்பட்டு, 2006-இல் கடுமையான கட்டுப்பாடுகளுடன் திரும்பியது. மூளைக்குள் காவலர் செல்லும் வழி அடைபட்டதே இவ்விபத்துக்குக் காரணம்.

இதன் பின்னர் ஆராய்ச்சி வேறு திசையில் சென்றது. எல்லாத் துறைகளையும் அடைக்காமல், தொல்லை தரும் துறையை மட்டும் அடைத்தால் போதுமன்றோ? 2014-இல் அனுமதி பெற்ற வெடோலிசுமாப், பெரும்பாலும் குடலுக்குச் செல்லும் வெள்ளணுக்களையே தடுக்கிறது. குடல் அழற்சி நோயாளிகள் பலருக்கு நிவாரணம் அளிக்கிறது. ஆயினும் காவல் ஓரிடத்தில் தளர்ந்திருப்பது உண்மையே. ஆதலால் இத்தகைய மருந்துகளை ஏற்போர், சிறு காய்ச்சலையும் அலட்சியம் செய்யாது உடனே மருத்துவரிடம் தெரிவித்தல் நலம்.