சிவப்பு, கறுப்பு, சிவகாசி

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் சிவகாசியில் அச்சுத்தொழில் வேர்விட்டது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பின்னாலேயே லித்தோ அச்சகங்கள் வந்தன. பட்டாசு லேபிள், காலண்டர், தேர்தல் போஸ்டர் என்று தொழில் விரிந்தது.

அந்தக் கால லித்தோ கல்லச்சில் நிறத்துக்கு ஒரு கல். ஓவியர் படத்தை இடவலம் மாற்றித் தீட்டுவார். நான்கு நிறமென்றால் தாள் நான்கு முறை மிஷினுக்குள் போய்வர வேண்டும். சற்று விலகினாலும் சாமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் விழும். ஆண்டு முழுக்கச் சுவரில் தொங்கும் முருகனுக்கு அந்த உழைப்பு கட்டுப்படியாகும். நாளை மறுநாள் பொதுக்கூட்டம் வைத்திருக்கும் இயக்கத்துக்கு ஆகாது.

கலகக்காரர்களின் படங்கள் ஒன்றிரண்டு நிறத்தில் நின்றதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். 1960-ல் ஹவானாவில் ஆல்பர்டோ கோர்டா எடுத்த சே குவேரா படத்தை, 1968-ல் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் சிவப்பும் கறுப்புமாக வரைந்தார். அதே ஆண்டு மே மாதம் பாரிஸ் மாணவர்கள் நுண்கலைக் கல்லூரியைக் கைப்பற்றி, ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒற்றை நிறச் சுவரொட்டிகளை அடித்துத் தள்ளினார்கள். திராவிடர் கழகக் கொடியிலும் கறுப்பு நடுவே சிவப்பு வட்டம். பெரியாரின் தாடிக்கு மையே வேண்டாம். சுற்றிலும் கறுப்பை ஏற்றினால் தாளின் வெள்ளையே தாடியாகிவிடும்.

சிவகாசி இருக்கும் விருதுநகர் வட்டாரத்துக்கு இந்தக் கலகக் குரல் பழக்கமானது. 1928-ல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1931-ல் சுயமரியாதை மாநாடு விருதுநகரில் கூடியது. 1956-ல் தமிழ்நாடு என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக இங்கே உண்ணாநோன்பைத் தொடங்கிய சங்கரலிங்கனார் 76 நாள் பட்டினி கிடந்து உயிர்விட்டார். 1967-ல் மொழிப்போரிலிருந்து வந்த மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் காமராசரையே 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

தேர்தல் சுவரொட்டியின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும். அது இல்லாவிட்டால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127-ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தலைவரின் முகத்தோடு அச்சுக்காரரும் பொறுப்பேற்று நிற்கிறார்.

தீப்பெட்டி லேபிள்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். காலண்டர் ஓவியர் கொண்டையராஜுவின் சாமி படங்களை ஆய்வாளர்கள் ஆராய்கிறார்கள். மைதாப் பசையில் ஒட்டிய இயக்கச் சுவரொட்டியோ ஒரு மழையில் போய்விடுகிறது. அச்சகந்தோறும் ஒரு பிரதியை எடுத்து வைக்க வேண்டும். அதை வரைந்த, அச்சடித்த கைகளின் பெயரையும் எழுதி வைக்க வேண்டும். அவற்றைக் காக்கும் காப்பகத்துக்குச் சிவகாசியை விடப் பொருத்தமான ஊர் இல்லை. அரசும் அச்சக அதிபர்களும் கைகோத்தால் இது முடியும்.