கள்ளக்குறிச்சித் தண்ணீருக்கு எந்த பிரஷ்?

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுகிறவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். கீழே கள்ளக்குறிச்சியில் போர் தண்ணீரில் குழைத்தால் ஒரு கன்னம் முடிவதற்குள் அடங்கிவிடுகிற ஷேவிங் சோப்பு, மேலே கல்வராயன் மலையின் ஓடைத் தண்ணீரில் கெட்டியாக எழும்பி நிற்கும். சோப்பும் அதேதான், கையும் அதேதான். மாறியது தண்ணீர் மட்டும்.

மலையில் பெய்யும் மழை பாறைமேல் ஓடிச் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. எதையும் கரைத்துக்கொள்ள அதற்கு நேரமில்லை. சமவெளியில் அதே மழை பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் சுமந்துகொண்டு ஆழ்துளைக் கிணற்றில் மேலே வருகிறது. ஷேவிங் சோப்பில் இருப்பது பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலத்தின் பொட்டாசியம், சோடியம் உப்புகள். கால்சியம் வந்து சேர்ந்தால் இவை கால்சியம் ஸ்டியரேட்டாக மாறிவிடும். அது கரையாது, நுரைக்கவும் நுரைக்காது. குளியலறை பக்கெட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் வெளிறிய ஏடு அதுதான்.

எவ்வளவு சோப்பு இப்படிப் போகிறது? குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருந்தால் நல்லது என்கிறது. வேறு வழி இல்லாத ஊரில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த 600 அளவுள்ள தண்ணீரில் 50 மில்லியை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் கிட்டத்தட்ட 190 மில்லிகிராம் சோப்பைக் கெடுத்துவிடும். ஒரு கிராம் கிரீமில் மூன்றில் ஒரு பங்கு சோப்பு என்று வைத்துக்கொண்டாலும், பாதிக்கு மேல் முகத்துக்கு வராமலே வீணாகிறது. தினமும் காலையில் கிரீமையும் பிளேடையும் திட்டித் தீர்ப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

மலைவாழ் மலையாளி மக்கள் தலைக்குத் தேய்க்கும் சீயக்காய்க்கு இந்தச் சிக்கல் கிடையாது. அதிலுள்ள சப்போனின் மின்னூட்டம் ஏறாத மூலக்கூறாக நுரைப்பதால் கால்சியத்தோடு சேர்ந்து ஏடாவதில்லை. ஆனால் அந்த நுரை பொலபொலவென்று இருக்கும், பிளேடு வழுக்கிப் போவதற்கான கொழுப்பு அதில் இல்லை. கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். முகத்துக்கு சோப்புதான்.

இனி பிரஷ். அதன் வேலை தண்ணீரையும் காற்றையும் சோப்புக்குள் அடித்துச் சேர்ப்பது. தாடி முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. ஒன்றிரண்டு நிமிடம் ஈரத்தில் ஊறினால் அதை வெட்டத் தேவையான விசை கணிசமாகக் குறைந்துவிடும். அந்த ஈரம் ஓடிப்போகாமல் கன்னத்தில் பிடித்துவைப்பதுதான் நுரை. பிரஷ் முடியைத் தூக்கி நிறுத்துகிறது, அழுக்கை உரிக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் சில்லறை லாபங்கள்.

இந்த வேலைக்கு மனிதன் பன்றி, குதிரை, வளைக்கரடி ஆகியவற்றின் முடியைப் பயன்படுத்தினான். வளைக்கரடி என்றால் ஆங்கிலத்தில் பேட்ஜர். அந்த முடிக்குத்தான் கடையில் ராஜ மரியாதை. விலங்கு முடியும் நம் முடி போலவே கெரட்டின்தான். தன் எடையில் ஏறத்தாழ முப்பது சதவீதம் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பன்றி முடி பிரஷ்ஷைச் சில நிமிடம் ஊறவைக்கச் சொல்வது அதனால்தான். ஊறினால்தான் அது இளகும். நுனிகள் பிளந்து மென்மையாகப் பல வாரம் ஆகும். அதுவரை கன்னம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விலங்கு முடிக்கு ஒரு கொடிய வரலாறும் உண்டு. முதல் உலகப் போருக்கு முன்பு, ரஷ்யப் பக்கத்திலிருந்து வந்த முடி ஜெர்மனியில் கிருமிநீக்கம் செய்யப்பட்டுப் பிற நாடுகளுக்குப் போனது. போர் அந்தப் பாதையை அடைத்தது. அதே நேரத்தில் விஷவாயு முகமூடி முகத்தோடு இறுக்கமாகப் பொருந்த வேண்டும் என்பதால் ஒவ்வொரு சிப்பாயும் மழுங்கச் சிரைக்க வேண்டியிருந்தது. பிரஷ்ஷுக்குத் தேவை ஏறியது. ஆசியாவிலிருந்து வந்த குதிரை முடி, சரியாகச் சுத்தம் செய்யப்படாமலே பேட்ஜர் போலச் சாயமேற்றி விற்கப்பட்டது. அந்த முடியோடு ஆந்த்ராக்ஸ் கிருமியின் வித்துகளும் வந்தன. நம் ஊரில் மாட்டுக்கு வரும் அடைப்பான் நோய் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பிளேடு கீறிய இடத்தில் வித்து புகுந்தால் முதலில் அரிப்பு, பிறகு வலியே இல்லாத கறுப்புப் புண். கழுத்தும் முகமும் வீங்கினால் உயிருக்கே ஆபத்து. அன்று பெனிசிலின் கிடையாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலுமாக 200 பேருக்கு மேல் ஷேவிங் பிரஷ்ஷால் இந்த நோய்க்கு ஆளானார்கள். பிரிட்டன் 1919-இல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1920-இல் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதி செய்வதைத் தடை செய்தது.

இன்று முறையாகத் தயாராகும் முடி பிரஷ்ஷில் அந்தப் பயம் வேண்டியதில்லை. ஆனால் மாட்டின் மேலோ குதிரையின் மேலோ வளராத இழை ஒன்று வேண்டும் என்ற தேடலுக்கு இந்த நிகழ்வும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த இழை 1938-இல் வந்தது. டூபாண்ட் நிறுவனத்தின் நைலான் முதன்முதலில் கடைக்கு வந்தது காலுறையாக அல்ல. பல் துலக்கும் பிரஷ்ஷின் இழையாகத்தான். அதுவரை பல்லுக்கும் பன்றி முடியே. நைலான் பல்லுக்குப் பொருந்தியது, கன்னத்துக்குப் பொருந்தவில்லை. இயந்திரம் வெட்டிய நைலான் இழையின் நுனி மொட்டையாக, ஓரம் கூர்மையாக இருக்கும். விலங்கு முடியோ இயற்கையிலேயே நுனிக்குப் போகப் போக மெலியும். இன்றும் மளிகைக் கடை அட்டையில் தொங்கும் மலிவான பிரஷ்களில் பல இந்தப் பழைய ரகம்தான். செயற்கை இழை குத்தும் என்ற கெட்ட பெயர் அவற்றால் வந்தது.

அந்தப் பெயரை மாற்றியது பி.பி.டி. என்னும் பாலியெஸ்டர் வகை இழை. பாலியெஸ்டரைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் நனைத்தால் அது மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இழைக்கட்டின் நுனியை மட்டும் கரைசலில் நிறுத்தினால் நுனி ஊசியாக மெலியும். அடிப்பகுதி தடிமன் குறையாமல் இருக்கும். இதோடு இழையைச் சற்றே நெளியவைத்தால், இழைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து நுரை தங்க இடம் கிடைக்கும். பி.பி.டி. உறிஞ்சும் தண்ணீர் அதன் எடையில் அரை சதவீதம்கூட இல்லை. நைலான் கிட்டத்தட்ட எட்டு சதவீதம் உறிஞ்சும். ஆகவே செயற்கை பிரஷ் வைத்திருக்கும் தண்ணீரெல்லாம் இழைகளுக்கு இடையே, நுண்துளை ஈர்ப்பால் நிற்பது மட்டும்தான். இரண்டு உதறு உதறினால் போய்விடும்.

நம் மாவட்டத்துக்கு இதுதான் முக்கியமான செய்தி. ஊறவைக்கத் தேவையில்லாத பிரஷ்ஷுக்கு மக் நிறைய போர் தண்ணீர் எதற்கு? அரை டம்ளர் கேன் தண்ணீரோ மழைத் தண்ணீரோ போதும். அதில் நுனியை நனைத்து, உதறி, வேர்க்கடலை அளவு கிரீமை எடுத்துக் குழைத்து, பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்தால் வெள்ளிமலை நுரை கள்ளக்குறிச்சியிலேயே கிடைக்கும். அவசரப்பட்டு ஒரேயடியாகத் தண்ணீர் விட்டால் செயற்கை இழை அதைப் பிடித்துவைக்காது. நுரை முழங்கை வரை வழியும். செயற்கை பிரஷ் சரியில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இந்தத் தவறைத்தான் செய்கிறார்கள். முகம் கழுவுவதற்குப் போர் தண்ணீரே போதும்.

கடையில் என்ன பார்ப்பது? நிறத்தைப் பார்க்காதீர்கள். வெள்ளை நுனி, கறுப்புப் பட்டை என்பதெல்லாம் பேட்ஜரைப் பார்த்துச் சாயமிட்டது. பிரஷ்ஷைப் புறங்கையில் செங்குத்தாக வைத்து லேசாக அழுத்துங்கள். சுருக்கென்றால் நுனி மொட்டை, வேண்டாம். இழையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் ஒன்றிரண்டு வரலாம்; கையோடு கொத்து வந்தால் பசை சரியில்லை.

அடுத்தது அளவு. இழைக்கட்டின் அடிப்பகுதி விட்டம் 22, 24, 26, 28 மில்லிமீட்டர் என்று வரும். பிடிக்கு மேலே தெரியும் இழையின் உயரம் பெரும்பாலும் 50 முதல் 55 மில்லிமீட்டர். பிரஷ் விறைப்பாக இருக்குமா, தொளதொளவென்று இருக்குமா என்பதை முடிவு செய்வதில் 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித அறிஞர் எழுதிய சமன்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. மெல்லிய கம்பி ஒன்றை நுனியில் அழுத்தினால் அது எந்த விசையில் வளையும்? தடிமனை இரட்டித்தால் 16 மடங்கு விசை தாங்கும். நீளத்தை இரட்டித்தால் கால் பங்குதான் தாங்கும். உயரம் 50-இலிருந்து 55 ஆனாலே தாங்கும் விசை ஏறத்தாழ 17 சதவீதம் குறைகிறது. ஐந்து மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு இதுவே பதில். கட்டி சோப்பு பயன்படுத்துபவருக்குக் குட்டையான, விறைப்பான பிரஷ் நல்லது. அது சோப்பைச் சுரண்டி எடுக்கும். டியூப் கிரீம் என்றால் 55 மில்லிமீட்டர் சுகம். என் பரிந்துரை 24 மில்லிமீட்டர் விட்டம். 28 என்பது முகத்துக்கு அதிகம், கிரீமும் கூடுதலாகச் செலவாகும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அலசி, உதறி, காற்றுப் படும் இடத்தில் வைத்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். தலைகீழாகத் தொங்கவிடும் ஸ்டாண்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அடியில் ஏடு கட்டியிருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டுப் பத்து நிமிடம் வைத்து, பிறகு ஷாம்பு போட்டு அலசுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். இழை தாங்கினாலும் பசை தாங்காது.

சலூனுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொருவருக்கும் புது பிளேடு போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது, நல்லது. ஆனால் பிரஷ்? முதல் சுற்று முடிந்து, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்த முகத்தில் அதே பிரஷ் மறுபடியும் நுரை பூசுகிறது; அப்புறம் அடுத்தவர் முகத்துக்குப் போகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே காய்ந்த பரப்பில் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். சொந்த பிரஷ்ஷைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், ஸ்பிரே நுரை போடச் சொல்லிவிடுங்கள்.

விலங்குகள் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். ஷேவிங் பிரஷ்ஷுக்கான வளைக்கரடி முடியின் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. நம் நாட்டில் பிரஷ்ஷுக்காகச் செத்தது கீரி. உத்தரப்பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்து ஷேர்கோட், பிரஷ் தொழிலுக்குப் பேர்போன ஊர். கீரி முடி அங்கே ஓவியத் தூரிகையாக மாறிக்கொண்டிருந்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்திருந்தும் வியாபாரம் நிற்கவில்லை. வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவு 2019 அக்டோபரில் ‘ஆபரேஷன் கிளீன் ஆர்ட்’ என்ற பெயரில் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தியது. நம் கரும்புத் தோட்டங்களில் எலியையும் பாம்பையும் பார்த்துக்கொள்கிற கீரியின் உறவுகளுடைய முடிதான் அங்கே மூட்டை மூட்டையாகப் பிடிபட்டது. சிலப்பதிகாரத்தில் பிள்ளையைக் காத்த கீரியைக் கொன்றுவிட்டுத் தவித்த பெண்ணின் கதை வருகிறது. அதைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

செயற்கை இழை குற்றமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். அது பெட்ரோலியத்திலிருந்து வந்த பிளாஸ்டிக். உதிரும் இழை மண்ணில் மக்காது. ஆனால் கவனமாக வைத்துக்கொண்டால் ஒரு பிரஷ் பல வருடம் உழைக்கும். மாதத்துக்கு ஒரு ஸ்பிரே டப்பாவைக் குப்பையில் போடுவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

கடைசியாகப் பிடி. இந்தத் தொழிலில் இழைக்கட்டும் பிடியும் தனித்தனியே விற்கப்படுகின்றன என்பது பலருக்குத் தெரியாது. பிடியின் தலையில் குழி தோண்டி, இழைக்கட்டை எபாக்ஸி பசையால் ஒட்டினால் பிரஷ் தயார். குழியை ஐந்து மில்லிமீட்டர் ஆழமாக்கினால் இழையின் உயரம் குறையும், பிரஷ் விறைப்பாகும். ஆய்லர் கணக்கை உளிமுனையில் செய்வது போலத்தான். மரப் பிடிக்கு எதிரி தண்ணீர். மரம் ஊறி உப்பி, காய்ந்து சுருங்கி வெடிக்கும். எண்ணெய்ப்பசை உள்ள தேக்கு குறைவாகவே அசையும். குழியின் உட்புறம்வரை வார்னிஷ் ஏறியிருந்தால் மற்ற மரங்களும் தாங்கும்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விநாயகரின் தும்பிக்கை வளைவைச் செதுக்கத் தெரிந்த கைகளுக்கும், ஊரில் உள்ள கடைசல் பட்டறைகளுக்கும் கையடக்கமான ஒரு பிடி செய்வது பெரிய காரியம் இல்லை. 24 மில்லிமீட்டர் குழி, நல்ல வார்னிஷ், உள்ளே ஒரு பி.பி.டி. இழைக்கட்டு. யாராவது செய்து விற்பனைக்கு வையுங்கள். முதல் பிரஷ்ஷை நான் வாங்கிக்கொள்கிறேன்.