எந்தத் தெரு, எத்தனை மதிப்பெண்?

பிள்ளை நன்றாகப் படிப்பது வீட்டாலா, பள்ளியாலா, குடியிருக்கும் தெருவாலா? பிரித்துச் சொல்வது சுலபமல்ல. வசதியும் அக்கறையும் உள்ள பெற்றோர் நல்ல இடமாகப் பார்த்துக் குடிபோகிறார்கள். பிள்ளை தேறினால் பெருமை தெருவுக்கா, பெற்றோருக்கா?

இதற்கு விடை காணும் வாய்ப்பு சுவீடனில் தற்செயலாகக் கிடைத்தது. அகதிகள் ஸ்டாக்ஹோம், கோத்தன்பர்க், மால்மோ என்ற மூன்று பெருநகரங்களிலேயே குவிகிறார்கள் என்று கருதிய அரசு, 1985இல் அவர்களை நாடெங்கும் பிரித்துக் குடியமர்த்தத் தொடங்கியது. 1989இல் 284 நகராட்சிகளில் 277 இத்திட்டத்தில் இருந்தன. யாருக்கு எந்த ஊர் என்பதைக் குடிவரவுத் துறை முடிவு செய்தது. ஊழியர்கள் அகதிகளை நேரில் பார்த்ததில்லை. மொழி, படிப்பு, குடும்பத்தில் எத்தனை பேர் என்ற விவரங்கள்தாம் அவர்கள் கையில் இருந்தன. வீடு எங்கே காலியோ அங்கே அனுப்பினார்கள். வந்தவர்களைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய குலுக்கல் சீட்டு.

இப்படிச் சிதறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு முடிவில் வாங்கிய மதிப்பெண்களை ஒலோஃப் ஓஸ்லுண்டும் மூன்று சக பொருளியலாளர்களும் ஆராய்ந்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தங்கள் இனத்தைச் சேர்ந்த, உயர்கல்வி பெற்ற பெரியவர்கள் அக்கம்பக்கத்தில் கூடுதலாக இருந்த இடங்களில் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்திருந்தது. சொந்த நாட்டார் கூடி வாழ்ந்தாலே பிள்ளைகள் பின்தங்குவார்கள் என்று ஐரோப்பாவில் அடிக்கடி கேட்கும் பேச்சு, பாதிக் கதையைத்தான் சொல்கிறது. கூடி வாழ்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும்.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. எதிர்வீட்டுக்காரர் தன் மொழி பேசும் பொறியாளர் என்றால், கணக்கில் வரும் சந்தேகத்தைத் தாய்மொழியிலேயே கேட்கலாம். எந்தப் பாடப்பிரிவு எங்கே கொண்டுபோய்விடும் என்று, பள்ளிக் கடிதத்தைப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் அவர் எடுத்துச் சொல்வார்.

ஆனால் இதை மந்திரக்கோலாக்க வேண்டாம். படித்தவர்களின் பங்கு கணிசமாகக் கூடிய இடத்திலும், நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், முழுதாக ஓர் இடம்கூட முன்னேறாத அளவுக்குத்தான் சராசரி லாபம். குறிப்பாகப் பின்தங்கிய பிரிவினரிடம் அதன் பலன் பிற்கால மேற்படிப்பு வரை நீண்டது.

பக்கத்து நாடான டென்மார்க்கும் 1986 முதல் 1998 வரை அகதிகளைப் பிரித்துக் குடியமர்த்தியது. அக்காலத்தில் அங்கே தஞ்சம் புகுந்தவர்களில் இலங்கைத் தமிழர்களும் உண்டு. ஹெர்னிங், பிரண்டா போன்ற ஊர்களில் இன்று தமிழர் கோயில்கள் இருக்கின்றன. அந்நாட்டு விவரங்களை வைத்து அன்னா பீல் டாம், கிறிஸ்டியன் டஸ்ட்மன் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு தெருவின் மறுபக்கத்தைக் காட்டியது. குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்கள் அதிகம் வாழும் பகுதிக்குச் சிறுவயதில் அனுப்பப்பட்ட ஆண்பிள்ளைகள், பின்னாளில் தாங்களும் தண்டனை பெறும் வாய்ப்பு கூடியிருந்தது. 10 முதல் 14 வயதுக்குள் போய்ச் சேர்ந்தவர்களிடம் இது மிகுதி. பெண்பிள்ளைகளிடம் இந்த விளைவு தென்படவில்லை.

சுவீடன் 1994இல், தஞ்சம் கோருவோர் தாங்களே இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. பிறகு 2016இல் வந்த சட்டம், பங்கிட்டு அனுப்பப்படும் அகதிகளை நகராட்சிகள் ஏற்றே ஆகவேண்டும் என்றது. ஊரின் மக்கள்தொகை, வேலைவாய்ப்பு, ஏற்கெனவே வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்துப் பங்கு போடுகிறார்கள். அக்கம்பக்கத்தில் படித்தவர்கள் எத்தனை பேர் என்பது அந்தக் கணக்கில் இல்லை.