கீபோர்டு கெடவில்லை!



அறிவியல் கண்காட்சிக்காக பைத்தானில் பாம்பு விளையாட்டு எழுதினேன். மேல் அம்புக்குறியை அழுத்தினால் பாம்பு மேலே போகணும். ஆனால் திரையில் ஒரு கூரைக்குறி, இரண்டு சதுர அடைப்பு, ஓர் ஆங்கில 'ஏ' வந்து விழுந்தன. பாம்பு அசையவே இல்லை. "நீதான்டா தட்டித் தட்டிக் கெடுத்துட்ட" என்று நண்பனைத் திட்டிவிட்டேன். கீபோர்டை மாத்தியும் அதே கதை. கம்ப்யூட்டர் சார்தான் காரணம் சொன்னார்.

நம்ம லேப்பில் இருப்பது சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். அதில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரைதான் டெர்மினல். எழுத்தை அழுத்தினால் புரோகிராமுக்கு ஓர் எண் போகும். அம்புக்குறிக்கோ மூன்று எண்கள்: முதலில் 27, அடுத்து 91, கடைசியில் திசை.

மேல் – 65
கீழ் – 66
வலது – 67
இடது – 68

1978-இல் அமெரிக்காவின் டெக் கம்பெனி வெளியிட்ட விடி100 டெர்மினலின் வழக்கம் இது. இன்றும் தொடர்கிறது!

அப்போ பாம்பு ஏன் நகரலை? டெர்மினல் சாதாரணமாக 'வரி முறை'யில் இருக்கும். என்டர் தட்டும்வரை எதையும் புரோகிராமிடம் தராது. 'எழுத்து முறை'க்கு மாற்றினால்தான் அழுத்தியவுடன் தரும்.

இன்னொரு சிக்கல். எஸ்கேப் கீயின் எண்ணும் 27 தான்! சேலம் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிறுத்தணும், இரண்டு அடித்தால் போகணும். முதல் விசில் கேட்டதும் டிரைவர் அடுத்தது வருதா என்று ஒரு நொடி கவனிப்பார் அல்லவா? புரோகிராமும் 27 வந்ததும் அப்படித்தான் கொஞ்சம் காத்திருக்கணும்.

விம் போன்ற எடிட்டர்கள் டெர்மினலை 'அப்ளிகேஷன் மோடு'க்கு மாற்றும். அப்போது நடுவில் 91-க்குப் பதில் 79 வரும். எடிட்டர் பாதியில் நின்றுபோனால் அந்த மோடு அப்படியே இருந்துவிடும். அதனால் புரோகிராமில் இரண்டையும் எழுதிவையுங்கள். நம் புரோகிராம் பாதியில் நின்று, அடிக்கும் எழுத்து திரையில் தெரியாமல் போனால் பயப்படாதீர்கள். 'ரீசெட்' என்று அடித்து என்டர் தட்டினால் சரியாகிவிடும்.

கண்காட்சியில் பாம்பு நாலு பக்கமும் ஓடியது. முதல் ஆட்டத்தை நண்பனுக்கே கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். "போடா, முதல்ல சாரைக் கேட்டிருக்கலாம்ல" என்றான்.

உண்மைதான். கெட்டுப்போச்சு என்று சொல்லும் முன், என்ன வருது என்று பார்ப்போம்!