குறையுள்ள கைகளும் கடவுளுக்குத் தேவை



திருப்பலியில் வாசகம் வாசிக்க ஆள் தேவை என்று பங்குத்தந்தை அறிவிக்கும்போது, நம்மில் பலர் தலையைக் குனிந்துகொள்கிறோம். மறைக்கல்வி கற்பிக்க அழைத்தால், “நமக்கு அவ்வளவு படிப்பு ஏது?” என்கிறோம். அன்பியக் கூட்டத்தில் முன்னின்று செபிக்கச் சொன்னால், “நம் வீட்டுச் சண்டை தெரு முழுக்கத் தெரியும். நாம் போய் எந்த முகத்தோடு செபிப்பது?” என்று பின்வாங்குகிறோம். தகுதி உள்ளவர்கள் செய்யட்டும் என்று ஒதுங்குவது தாழ்ச்சி போலத் தோன்றுகிறது. ஆனால் அது தாழ்ச்சிதானா என்பதை இன்று சற்று சிந்திப்போம்.

மோசே தமக்கு நாவன்மை இல்லை என்று சொல்லித் தயங்கினார் (விப 4:10). கடவுள் அவருடைய நாவைச் சரிசெய்துவிட்டு அனுப்பவில்லை. அதே திக்கும் நாவோடு அனுப்பி, துணைக்கு ஆரோனைக் கொடுத்தார். பேதுரு ஆண்டவரை மும்முறை மறுதலித்தவர். உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடலருகே அவரைச் சந்தித்தபோது, பழைய கணக்கைக் கேட்கவில்லை. தம்மை அன்பு செய்கிறாரா என்று மட்டுமே மும்முறை கேட்டார்; தம் ஆடுகளை அவரிடமே ஒப்படைத்தார் (யோவா 21:15-17). குறை நீங்கிய பிறகு அழைப்பது மனிதர் வழக்கம். குறையோடு அழைத்து, அழைப்பின் வழியிலேயே உருவாக்குவது கடவுளின் வழக்கம்.

இதற்கு நம் காலத்துக்கு அருகில் ஒரு சாட்சி உண்டு. கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் 1845ஆம் ஆண்டு ஓர் ஏழைக் குடும்பத்தில் ஆல்ஃபிரட் பெசெத் பிறந்தார். பிறக்கும்போதே நலிந்த குழந்தை. தந்தை மரம் வெட்டும்போது விபத்தில் இறந்தார். தாய் காசநோயால் இறந்தார். 12 வயதில் அநாதையானார் ஆல்ஃபிரட். பண்ணை வேலை, செருப்பு தைக்கும் வேலை, ரொட்டிக் கடை வேலை என்று எதில் சேர்ந்தாலும் உடல் தாங்கவில்லை. பள்ளிப் படிப்பும் இல்லை. தம் பெயரை எழுதவே திணறினார்.

1870இல் திருச்சிலுவை சபையில் சேர்ந்து, ஆந்திரே என்ற பெயரைப் பெற்றார். உடல்நலக் குறைவால் அவரைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று சபையினர் எண்ணினர். மொன்றியால் ஆயர் பூர்ஜே அவருக்காகப் பரிந்து பேசினார். 1874இல் இறுதி வார்த்தைப்பாடு எடுத்த ஆந்திரேக்கு, சிறுவர்கள் படித்த சபைக் கல்விக்கூடத்தில் வாயிற்காப்போர் பணி கிடைத்தது. கதவைத் திறப்பது, தரையைத் துடைப்பது, கடிதம் கொண்டுபோவது, மாணவர்களுக்கு முடி வெட்டுவது எல்லாம் அவர் வேலை. ஏறக்குறைய 40 ஆண்டுகள் அந்தக் கதவருகே அவர் வாழ்வு கழிந்தது.

கதவைத் தட்டியவர்களில் நோயாளிகளும் துன்பப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆந்திரே அவர்கள் சொல்வதைக் கேட்டார், அவர்களோடு சேர்ந்து புனித யோசேப்பிடம் மன்றாடினார். பலர் நலம் பெற்றதாகச் சாட்சி சொன்னார்கள். தம்மால் எதுவும் நடக்கவில்லை, எல்லாம் யோசேப்பின் பரிந்துரையால் என்பதே அவருடைய பதில். எதிர்ப்பும் வந்தது. நோயாளிகள் தங்கள் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வரக்கூடாது என்று பெற்றோர் முறையிட்டனர். ஆகவே, எதிரே இருந்த டிராம் நிறுத்தத்தில் அவர்களைச் சந்தித்தார். களைத்துப்போன நாள்களில் வந்தவர்களிடம் வெடுக்கென்று பேசிவிட்டு, பிறகு அதற்காக வருந்தியதும் உண்டு என்பார்கள். புனிதருக்கும் கோபம் வந்தது. ஆனால் மறுநாளும் அவர் கதவைத் திறந்தார்.

முடி வெட்டிச் சேர்த்த சில்லறைக் காசும் மக்கள் தந்த காணிக்கையும் கொண்டு, 1904இல் புனித யோசேப்புக்கு ஒரு சிறிய கோவில் எழுந்தது. அதுவே பிற்பாடு மொன்றியால் நகரின் மாபெரும் திருத்தலமாக வளர்ந்தது. பேராலயம் நிறைவுபெறும் முன்னரே, 1937 சனவரி 6ஆம் நாள், 91ஆவது வயதில் ஆந்திரே இறந்தார். கடும் குளிரிலும் சுமார் 10 இலட்சம் மக்கள் அவருக்கு இறுதி அஞ்சலி செலுத்தினர். 2010 அக்டோபர் 17 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

அன்பார்ந்தவர்களே, இதில் நமக்கு என்ன பாடம்? கடவுள் ஆந்திரேயின் நலிந்த உடலை மாற்றவில்லை. அவரைப் படித்தவராக ஆக்கவில்லை. அவர் நின்ற இடத்தையே பணித்தளமாக்கினார். மண்பாண்டங்களில் செல்வம் வைக்கப்பட்டிருப்பதாகப் பவுல் எழுதுகிறார் (2 கொரி 4:7). பாண்டம் எளியதாக இருப்பதால்தான், உள்ளே இருப்பது கடவுளுடையது என்று பார்ப்பவருக்குப் புரிகிறது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கடவுள் குறையுள்ளவர்களைப் பயன்படுத்துகிறார் என்பதால், நம் குறையை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று பொருளல்ல. குடித்துவிட்டு வீட்டாரை வருத்துபவர், “நானும் மண்பாண்டம்தானே” என்று சொல்லித் தப்ப முடியாது. பேதுரு மனங்கசந்து அழுதார். ஒப்புரவு அருளடையாளம் நமக்குத் தரப்பட்டிருப்பதும் இதற்காகவே. குறையை அறிக்கையிட்டு எழுபவரையே கடவுள் அனுப்புகிறார்.

இன்னொன்று. ஆயர் பூர்ஜே பரிந்து பேசியிராவிட்டால், ஆந்திரே வீடு திரும்பியிருப்பார். வாசகத்தில் தடுமாறுபவரைப் பார்த்துச் சிரிக்கும்போதும், “இவருக்கு என்ன யோக்கியதை?” என்று பாடற்குழுவில் ஒருவரைப் பற்றி முணுமுணுக்கும்போதும், கடவுள் அழைத்த ஒருவரை நாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கலாம். மோசேக்கு ஆரோனைப் போல, தயங்குகிறவருக்கு நாம் துணை நிற்க வேண்டும்.

இந்த வாரம் நம் தெருவில் படுக்கையில் இருக்கும் ஒரு நோயாளியைச் சந்திப்போம். அழகாகச் செபிக்கத் தெரியவில்லையா? அருகில் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்போம். ஒரு கர்த்தர் கற்பித்த செபம் போதும். ஒரு சிறுவனிடம் இருந்த 5 அப்பங்களைப் போதாது என்று ஆண்டவர் ஒதுக்கவில்லை. அவற்றை வாங்கி, நன்றி செலுத்தி, பகிர்ந்தளித்தார்.

இறைவா, எங்கள் குறைகளைக் காட்டி உம் அழைப்பிலிருந்து நாங்கள் ஒளிந்துகொள்ளாதபடி காத்தருளும். நாங்கள் நிற்கும் வாசலிலேயே எங்களைப் பயன்படுத்தும். ஆமென்.