ஒட்டுப்பலகையின் விளிம்பு

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் வீட்டுக்கு ஓர் அலமாரியோ அடுக்களைத் தட்டுகளோ செய்துகொள்ள முற்படுங்கால், இந்நாளில் கைக்கு எட்டுவது பெரும்பாலும் ஒட்டுப்பலகையே. ஊரில் பாட்டனார் காலத்துத் தேக்குப் பெட்டி மூன்று தலைமுறை நின்றிருக்கும். அதே எதிர்பார்ப்போடு செய்த ஒட்டுப்பலகை அலமாரி மூன்று மழைக்காலத்துக்குள் அடிப்புறம் உப்பி, அடுக்கடுக்காகப் பிளந்து நிற்கக் கண்டால், போலிச் சரக்கை விற்றுவிட்டார் என்று கடைக்காரரை நொந்துகொள்கிறோம். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், நல்ல பலகையும் இவ்வாறு கெடுவதுண்டு. அதன் விளிம்பை மூடாமல் விட்டதே அதற்குப் பெரிதும் காரணம். நேயர்களே, அவ்விளிம்பைப் பற்றிச் சிறிது விரிவாகப் பார்ப்போம்.

மெல்லிய மரத்தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு அழுத்திச் செய்வது ஒட்டுப்பலகை. ஒரு தோலின் நார் நீளவாக்கில் ஓடினால், அடுத்ததன் நார் குறுக்காக ஓடும். 3, 5, 7 என ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்குவது வழக்கம். பலகை கோணாமல் நிற்பது இந்த அமைப்பினால்தான். ஆனால், இதே அமைப்பினால், எந்தப் பக்கம் அறுத்தாலும் ஒன்றுவிட்டு ஓர் அடுக்கின் நார்முனைகள் வெளியே தெரிகின்றன. மரம் உயிரோடிருந்த நாளில் வேரினின்றும் நீரை மேலேற்றிய நுண்குழாய்கள் நாரின் போக்கிலேயே அமைந்தவை. வெட்டப்பட்ட வாய் வழியாக அவை இன்றும் நீரை உறிஞ்சும். பலகையின் முகத்தில் சிந்திய நீரைத் துடைத்துவிடலாம். விளிம்பில் பட்ட நீரோ நாம் துணியெடுத்து வருமுன் உள்ளே சென்றுவிடுகிறது.

இந்தியத் தர எண் 710 பொறித்த பலகையை வாங்கிவிட்டோம், இனி அச்சமில்லை என்று எண்ணுவோரும் உண்டு. அந்த எண் கப்பல், படகு முதலியவற்றுக்கு உகந்த பலகைக்கு உரியது. அதன் பசை நீருக்கு எளிதில் இளகாது. பசை நிற்கும் என்பதால் மரம் நீரைக் குடியாது என்று பொருளாகாது. தவிரவும், வடநாட்டுச் சந்தைக்கு வரும் பலகையில் கணிசமான பங்கு ஹரியானா மாநிலத்து யமுனாநகரில், உழவர்கள் வயல்களில் வளர்க்கும் பாப்ளார், தைல மரங்களினின்றும் உருவாகிறது. 1996-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்திய பின்னர், அஸ்ஸாமின் பழைய ஒட்டுப்பலகைத் தொழில் நலிந்து, வயல் மரமே இத்தொழிலுக்கு ஆதாரமாயிற்று. பாப்ளார் மென்மையான மரம். அதன் விளிம்புக்குக் காப்பு மிகுதியும் வேண்டும். அந்நாளைத் தேயிலைப் பெட்டிகளைக் கண்டவர்கள் அவற்றின் விளிம்பெங்கும் தகரப் பட்டை அடித்திருந்ததை மறந்திருக்கமாட்டார்கள். மெல்லிய ஒட்டுப்பலகைப் பெட்டி எங்கே முதலில் சிதையும் என்பதை அவற்றைச் செய்தோர் நன்கு அறிந்திருந்தனர்.

இங்கே சொல்லொன்றைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் தனி விருப்பமும் உண்டு. தில்லியில் தச்சுமிஸ்திரி 'பட்டி' என்றால் விளிம்பில் ஒட்டும் நீண்ட துண்டைக் குறிப்பார். நம் ஊரில் 'பட்டி பார்ப்பது' என்பது வண்ணம் பூசுமுன் மக்கு வைத்துப் பள்ளங்களை நிரப்புவது. அதனை இங்குள்ளோர் 'புட்டி' என்பர். ஆகவே, 'பட்டி எல்லாம் போட்டாயிற்று' என்று மிஸ்திரி கூற, விளிம்பில் மக்குப் பூசியிருக்கிறார் போலும் என்று வீட்டார் கொள்வதும், அதன் மறுதலையும் நிகழக்கூடியவை. இக்குழப்பத்தைத் தவிர்க்க நாம் 'விளிம்புப் பட்டை' என்றே குறிப்போம்.

பட்டையில் மூன்று வகை வழக்கில் உள்ளன. பி.வி.சி. என்னும் செயற்கைப் பொருளாலானது முதல் வகை. அரை மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரை கனத்தில், மைக்காத் தகட்டின் நிறத்துக்கு இசைய, சுருளாகக் கிடைக்கும். மரத்தோலை நாடாவாக அறுத்து, பின்புறம் பசை பூசி விற்பது இரண்டாம் வகை. மூன்றாவது, தேக்கு முதலான கெட்டி மரத்தில் 6 முதல் 12 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்த மரச் சட்டம்.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த விளிம்பு எதற்கு ஆளாகும் என்று கேட்பதே பயன் தரும். சுவரோடு நிற்கும் புத்தக அலமாரியின் உள்தட்டுக்கு அரை மில்லிமீட்டர் பட்டையே போதும். அதற்கு மேல் செலவிடுவது வீண். நாள்தோறும் கை படும் கதவுக்கும் இழுப்பறைக்கும் 2 மில்லிமீட்டர் வேண்டும்; அதன் முனையை மழுக்கிவிடலாமாதலின், குழந்தைகளின் விரலையும் நெற்றியையும் அது கிழிக்காது. மரத்தோல் நாடா கண்ணுக்கு இனியது. ஆனால் மெருகு பூசிக் காக்காவிடில் அடுக்களை ஈரத்துக்கு நிற்காது. மேசை, கட்டில் இவற்றின் விளிம்புக்கு மரச் சட்டத்துக்கு ஈடில்லை. இடமாற்றத்துக்கு உள்ளாகும் அரசு ஊழியர் குடும்பங்களுக்கு இதனை அழுத்திக் கூற விரும்புகிறோம். லாரியில் ஏற்றி இறக்கும்போது முதலில் அடிபடுவது மூலைகளே. பி.வி.சி. பட்டை பெயர்ந்தால் அதே நிறத்தைப் புதிய ஊரில் தேடி அலைய நேரும். மரச் சட்டம் நசுங்கினாலோ, உப்புத்தாள் கொண்டு தேய்த்து மீண்டும் மெருகிடலாம்.

மைக்கா ஒட்டிய பலகையாயின், மரச் சட்டத்தை மைக்காவுக்கு முன்னர்ச் சேர்ப்பதா, பின்னர்ச் சேர்ப்பதா என்ற வினா எழும். பின்னர்ச் சேர்ப்பதே நன்று என்பது நம் கருத்து. அப்போதுதான் மைக்காவின் உடையும் விளிம்பையும் சட்டம் காக்கும். இழைப்புளி மைக்காவில் படாமல் சமன் செய்வது கடினமாதலின், தச்சர் முணுமுணுப்பார். அதற்கு இணங்க வேண்டுவதில்லை.

ஒட்டும் முறையில், எவ்வகைப் பட்டைக்கும் முதல் வேலை ஒன்றே. விளிம்பை நேராக இழைத்து, அடுக்குகளிடையே தெரியும் பொந்துகளை மரத்தூளும் பசையும் கலந்து அடைத்து, உலர்ந்தபின் தேய்த்துத் தூசி நீக்க வேண்டும். தூசியின்மீது பூசிய பசை தூசியைப் பிடிக்குமேயன்றி மரத்தைப் பிடிக்காது. பசை பூசிய மரத்தோல் நாடாவை நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி கொண்டே ஒட்டலாம். இருபுறமும் அரை அங்குலம் மிகுதியாக வெட்டி, மேலே ஒரு தாளை விரித்து, நீராவியின்றி மிதமான சூட்டில் மெல்ல நகர்த்தி, பின்னாலேயே ஒரு மரக்கட்டையால் அழுத்திக்கொண்டு வர வேண்டும். பசை பிடிப்பது சூட்டிலன்று, ஆறும்போதுதான். ஆதலின் அழுத்தத்தில் அவசரம் கூடாது. மிகுந்த ஓரத்தை அரத்தால் தேய்க்கும்போது, பட்டையைப் பலகையை நோக்கி அழுத்தும் திசையில் தள்ளுக. எதிர்த்திசையில் இழுத்தால் பட்டை பெயர்ந்து வரும். பக்க விளிம்புகளை முதலிலும், கண்ணுக்கு நேரே நிற்கும் முன்விளிம்பைக் கடைசியிலும் ஒட்டினால், மூலையின் இணைப்பு முன்னே தெரியாது.

தொழிற்சாலைகளில் இயந்திரம் உருக்கிய பசையை ஏறத்தாழ 180 முதல் 200 பாகைச் சூட்டில் பூசி ஒட்டுகிறது. கையால் ஒட்டுவதைக் காட்டிலும் அது சீரானது. ஆனால் சாதாரண உருகு பசை மறுசூட்டில் இளகுமாதலின், அடுப்பையொட்டிய கதவுகளில் பட்டை மெல்ல வாய் பிளப்பதைக் காணலாம். காற்றின் ஈரத்தால் இறுகும் பாலியூரிதேன் பசை இக்குறைக்கு மாற்று, விலை கூடுதல். தச்சர் வீட்டில் வைத்தே ரப்பர் பசையால் பி.வி.சி. பட்டையை ஒட்டுவாராயின், இருபுறமும் பூசி, கைக்கு ஒட்டாத அளவு காய்ந்த பின்னரே சேர்க்க வேண்டும். அப்பசையின் ஆவி தீப்பற்றும். சன்னல்களைத் திறந்து, அடுப்பை அணைத்துவிட்டே வேலை நடைபெற வேண்டும். மரச் சட்டத்துக்கு இடும் வெள்ளைப் பசைக்கோ குளிர் ஆகாது. தில்லியில் ஜனவரி இரவுகள் 10 பாகைக்குக் கீழே இறங்குவதால், பசை இறுகாமல் சுண்ணாம்பு போல் உதிரக்கூடும். அம்மாதத்தில் நடுப்பகல் வேளையில் ஒட்டுவித்து, இரவில் அறையை வெதுவெதுப்பாக வைத்தல் நலம்.

இனி, பெரும்பாலோர் கருதாத விளிம்புகள். தச்சர் கண்ணுக்குத் தெரியும் முன்விளிம்பில் மட்டும் பட்டை ஒட்டுவார். அலமாரியின் அடிவிளிம்பும் பின்விளிம்பும், கதவின் கீழ்முனையும், பாத்திரம் கழுவும் தொட்டிக்காகப் பலகையில் அறுத்த துளையின் வாயும் திறந்தே கிடக்கும். நாள்தோறும் தரை துடைக்கும் ஈரம் அடிவிளிம்பில் ஏறுகிறது. தொட்டியின் கசிவு துளையின் வாயில் இறங்குகிறது. அலமாரி உப்பத் தொடங்குவது இவ்விடங்களிலேயே. இவற்றுக்குப் பட்டை வேண்டுவதில்லை. வார்னிஷோ எண்ணெய் வண்ணமோ இருமுறை தோய்த்துப் பூசினால் போதும். செலவு சொற்பம், ஆனால் அலமாரியைச் சுவரோரம் நிறுத்துமுன் செய்ய வேண்டிய வேலை இது. அலமாரிக்கு அடியில் இரண்டங்குலக் கால் வைத்துத் தரையினின்றும் உயர்த்தினால் இன்னும் நன்று.

வாங்கும் அளவையும் நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். 18 மில்லிமீட்டர் பலகையின் இருபுறமும் மைக்கா ஒட்டினால் கனம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் ஆகும். 22 மில்லிமீட்டர் அகலப் பட்டை அதற்குப் பொருந்தும். 2 அடி அகலமும் 5 அடி உயரமும் உள்ள கதவுக்குச் சுற்றளவு 14 அடி. நான்கு கதவுகளுக்கு 56 அடி, அதாவது 17 மீட்டர். சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்க. மிகுந்த துண்டைச் சுருட்டி அலமாரிக்குள்ளேயே வைத்திருந்தால், பின்னாளில் ஒரு மூலை பெயருங்கால் நிறம் தேடிக் கீர்த்தி நகர்க் கடைகளில் திரிய நேராது. கூலி பேசும்போது, பட்டையின் கனம், பசையின் வகை, மறைவான விளிம்புகளின் பூச்சு ஆகிய மூன்றையும் மிஸ்திரியிடம் சொல்லி, மதிப்பீட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்க. மறைவான விளிம்புகளைக் குறிக்க 'நீச்சே கா கினாரா பீ, பீச்சே கா பீ' என்றால் அவருக்கு விளங்கும்.