மறதி நோயருக்குத் தேவை நாலு பேர்

மறதி நோய் வந்த பெரியவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "என்னைத் தெரியுதுங்களா? யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்றுதான். பாசத்தில் கேட்கிறார்கள். ஆனால் எந்தத் திறன் முதலில் பழுதாகிறதோ அதையே சோதிக்கும் கேள்வி அது. பதில் வராதபோது அவர் கூசிப்போய் வாயை மூடிக்கொள்கிறார். அறிதிறன் தூண்டல் சிகிச்சை இதற்கு நேரெதிர் வழியில் போகிறது. ஏழெட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து, வாரம் இருமுறை, முக்கால் மணி நேரம் பேசவைக்கிறார்கள். ஞாபகத்தைக் கேட்பதில்லை, அபிப்பிராயத்தைக் கேட்கிறார்கள். கோவையின் துடியலூரில் நடத்தினால் ராகியையும் கம்பையும் தட்டில் கொட்டிக் கையால் அளையவிட்டு, "ராகிக் களியா, கம்பஞ்சோறா, எதுங்க ருசி?" என்று தொடங்கலாம். தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலா கருவாட்டுக் குழம்பா என்று வாக்குவாதம் கிளம்பினால் இன்னும் நல்லது. அங்கே தப்பான பதில் என்று ஒன்று கிடையாது.

பிரிட்டனில் எய்மி ஸ்பெக்டர் குழுவினர் 201 பேரிடம் இதைச் சோதித்து 2003-ல் முடிவுகளை வெளியிட்டனர். ஏழு வாரம், 14 அமர்வுகள். கலந்துகொண்டவர்களின் அறிதிறன் மதிப்பெண்ணும் வாழ்க்கைத் தரமும், கலந்துகொள்ளாதவர்களைவிட மேம்பட்டிருந்தன. பின்னர் 37 ஆய்வுகளைத் தொகுத்த 2023-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வும் சிறிய அளவிலான பலனை உறுதிசெய்தது. தேயும் மூளையை இது மீட்குமா என்றால், மீட்காது. நோய் ஆரம்ப, நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கே இது பொருந்தும். ஆனால் இன்று பரவலாகத் தரப்படும் டோனெபெசில் போன்ற மாத்திரைகளும் நோயை நிறுத்துவதில்லையே! இருக்கிற நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பது சின்ன விஷயமல்ல.

இதை வீட்டிலேயே செய்யலாமே என்பார்கள். அதையும் பார்த்துவிட்டார்கள். 356 நோயர்களையும் அவர்களைக் கவனிப்பவர்களையும் கொண்டு 25 வாரம் நடந்த பிரிட்டன் ஆய்வு 2015-ல் வெளியானது. இருவருக்கும் இடையிலான உறவு மேம்பட்டது, கவனிப்பவர்களின் நலமும் கூடியது. நோயரின் அறிதிறனிலோ வாழ்க்கைத் தரத்திலோ மாற்றமில்லை. பல குடும்பங்களால் எல்லா அமர்வுகளையும் நடத்த முடியவில்லை என்பதும் உண்மைதான். என்றாலும் இன்னொரு காரணமும் எனக்குத் தெரிகிறது. வீட்டில் அவர் பராமரிக்கப்படுபவர் மட்டுமே; கூட்டத்தில்தான் அவர் நாலு பேரில் ஒருவர், தன் வயதுக்காரரோடு பஞ்சாலை ஷிப்டைப் பற்றி மல்லுக்கு நிற்கக்கூடியவர். வெளிநாட்டு முறை நமக்கு ஒத்துவராது என்ற தயக்கமும் வேண்டாம். சென்னையின் ஸ்கார்ஃப் மனநல அமைப்பு இதைத் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றி நடத்திக் காட்டியிருக்கிறது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிடுகிறது. தமிழக அரசு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து தருகிறார்கள். அதே ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் மறதியின் ஆரம்ப அறிகுறிகளையும் கவனிப்பார்கள். மீதி வேண்டியது, கோவை மாநகராட்சியில் இருக்கும் துடியலூரில் ஒரு கூடம், பயிற்சி பெற்ற இருவர், பெரியவர்களை அழைத்துவந்து திரும்பக் கொண்டுவிட ஒரு வண்டி. அந்த வண்டிக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டாவது வாரமே நாற்காலிகள் காலியாகிவிடும்.